எடுத்தலும் திருடுதலும்: கோலசிலாங்கூர், வட சிலாங்கூர்த் தோட்டங்களில் தொழிலிடக் களவும் அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களும்

முன்னுரை

திருக்குறளின் கள்ளாமை அதிகாரத்தைத் தொடக்கப்பள்ளியிலேயே மனனம் செய்தவர்கள் தோட்டப்புறத் தமிழ்ப் பிள்ளைகள். அதே பிள்ளைகள் பள்ளி விட்டு லயத்துக்குத் திரும்பியபோது, அடுப்படிக்குப் பின்புறம் சாக்கில் சுருட்டி வைக்கப்பட்டிருந்த ஒட்டுப்பாலின் நாற்றத்தையும் அறிந்திருந்தனர். இவ்விரண்டுக்கும் இடையே முரண் உண்டென்று அவர்களுக்கு எவரும் எடுத்துச் சொன்னதில்லை. பெற்றோர் தம் பிள்ளைகளைத் திருடக்கூடாது என்று கண்டித்தே வளர்த்தனர். சாக்கில் இருந்ததைத் திருட்டு என்னும் சொல்லால் அவர்கள் குறிக்கவில்லை, ‘எடுத்தது’ என்றனர்.

மலாயாத் தோட்டத் தொழிலாளர் வரலாறு பலரால் ஆழமாக எழுதப்பட்டுள்ளது. கெர்னியல் சிங் சந்து குடிபெயர்வையும், நார்மன் பார்மர் காலனித்துவ அரசின் தொழிலாளர் கொள்கையையும், சின்னப்பா அரசரத்தினம் சமூக வரலாற்றையும், மைக்கேல் ஸ்டென்சன் வர்க்க, இன அரசியலையும் ஆராய்ந்துள்ளனர். ஆயினும், அன்றாடச் சிறு களவுகளும் கணக்குப் புரட்டுகளும் இவ்வரலாறுகளின் ஓரங்களிலேயே நின்றுவிட்டன. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. தோட்டத்துரைமாரின் எழுத்துகள் கூலித் தமிழனை எப்போதும் கண்காணிக்கப்பட வேண்டியவனாகச் சித்திரித்தன. அச்சித்திரத்துக்கு வலுச் சேர்க்க அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகளாகிய நாம் விரும்பவில்லை. விரும்பாதவர்களுள் ஒருசாரார் இதைப் பேசாமல் விட்டனர். வேறொரு சாரார் எல்லாவற்றையும் எதிர்ப்புணர்வு என்று போற்றினர். இரண்டும் உண்மையில் பாதியையே சொல்லும் என்பது நம் கருத்து. தோட்டத்தில் களவு எல்லாப் படிநிலைகளிலும் நிகழ்ந்தது. ஒவ்வொரு படியில் இருந்தவரும் தமக்கு மேற்படியில் இருந்தவரைச் சுட்டியே தம் செயலுக்கு நியாயம் கண்டனர். ஆனால் அதன் சுமை பெரும்பாலும் கீழ்நோக்கியே இறங்கியது. இதனைக் கோலசிலாங்கூர் வட்டாரத்தையும் அதனையடுத்த வட சிலாங்கூர்த் தோட்டங்களையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

களம்

சிலாங்கூர் ஆற்றின் இருமருங்கும் ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை எனப் பரந்த இந்நிலம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரைவாகக் காடழிக்கப்பட்டுத் தோட்டமாயிற்று. (பத்தாங் பெர்ஜுந்தை 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் பெற்றுள்ளது, முதியோர் இன்றும் பழைய பெயரையே சொல்கின்றனர்.) பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கோனியே இங்குள்ள ரந்தாவ் பஞ்சாங்கில் தோட்டம் அமைத்தார். பின்னர் 1917ஆம் ஆண்டு தென்னமரம் தோட்டத்தில், நாட்டிலேயே முதன்முறையாக வணிக அளவில் செம்பனை பயிரிடப்பட்டது. தமிழ் மரப்பெயர் ஒன்றைத் தாங்கிய தோட்டத்திலிருந்து மலேசியாவின் செம்பனைத் தொழில் பிறந்தது என்பது நம் மாணவர்களுக்குச் சொல்லத்தக்க செய்தி. ஃபொக்கோனியே இவ்வாழ்க்கையைப் பின்புலமாக வைத்து எழுதிய ‘மலேசி’ என்னும் நாவல் 1930ஆம் ஆண்டு கோன்கூர்ப் பரிசு பெற்றது.

1910ஆம் ஆண்டு இலண்டனில் இரப்பர் விலை இறாத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அவ்வாண்டில் சில நிறுவனங்கள் 200 விழுக்காட்டுக்கும் மேலான பங்காதாயம் வழங்கின. 1932ஆம் ஆண்டு அதே இறாத்தல் 2 பென்னிக்கும் கீழே இறங்கியது. பின்வருவனவற்றை இந்த இரு எண்களுக்கும் நடுவில் வைத்தே நோக்க வேண்டும்.

பால் எப்போது உடைமையாகிறது?

மலாயாவின் தண்டனைச் சட்டம் இந்தியாவில் 1860ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தை அடியொற்றியது. களவை வரையறுக்கும் 378ஆம் பிரிவு ஒரு நுட்பமான விளக்கத்தைக் கொண்டுள்ளது. நிலத்தோடு பிணைந்திருக்கும் வரை ஒரு பொருள் களவுக்குரியதாகாது. நிலத்திலிருந்து பிரிக்கப்பட்ட கணத்திலேயே அது களவாடத்தக்க பொருளாகிறது. இவ்விளக்கத்தைப் பால்மரத்துக்குப் பொருத்திப் பார்த்தால் வியப்பான உண்மை ஒன்று புலப்படும். மரத்துக்குள் இருக்கும் வரை பால் எவராலும் திருட இயலாதது. அதை மரத்திலிருந்து பிரித்துத் திருடத்தக்க உடைமையாக மாற்றுவது தொழிலாளியின் உளியே. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, நிரைக்குச் சென்று, பட்டையைச் சீவி, மங்கில் சொட்டும் பாலைத் தன் கண்முன்னே உருவாக்கிய ஒருவருக்கு, அதே கணத்தில் அது துரையின் சொத்தாகிவிட்டது என்பதைச் சட்டம் ஏற்கச் செய்யலாம். மனம் அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை.

பணியாளர் தம் எசமானரின் பொருளைக் களவாடினால் 381ஆம் பிரிவும், ஒப்படைக்கப்பட்ட பொருளை எழுத்தரோ பணியாளரோ தமதாக்கிக் கொண்டால் நம்பிக்கை மோசடி பற்றிய 408ஆம் பிரிவும் பாயும். எசமானர் பணியாளரின் உழைப்பைக் குறைத்து நிறுத்தால் எந்தப் பிரிவு பாயும் என்பதைத் தோட்டத்தில் எவரும் அறிந்திருக்கவில்லை. பொய்த் தராசு பற்றியும் அச்சட்டத்தில் பிரிவுகள் உண்டு. ஆனால் தராசைப் பிடித்திருந்தவர்களே புகார் எழுதத் தெரிந்தவர்களாகவும் இருந்தனர்.

களவின் பெரும்பகுதி ஏன் ஒட்டுப்பாலைச் சுற்றியே நிகழ்ந்தது என்பதைத் தொழிலின் இயல்பே விளக்குகிறது. புதுப்பால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும். வாளியோடு சாலையில் எடுத்துச் செல்வோர் மறைய முடியாது. பால் கொட்டகையில் அது அன்றே அளக்கப்படும். ஒட்டுப்பாலோ வேறு. பாலெடுத்துச் சென்ற பின்னும் சொட்டி மங்கில் உறைந்தது, வெட்டுக்கோட்டில் காய்ந்து படிந்தது, நிலத்தில் சிந்தி இறுகியது ஆகிய இவை எவ்வளவு கிடைக்கும் என்பதை முன்கூட்டிக் கணக்கிட எந்தக் கிராணியாலும் இயலாது. அது கெட்டுப்போகாது, இடுப்பில் சொருகலாம், சாக்கில் அடக்கலாம். தோட்டமும் அதற்குக் குறைந்த விலையே கொடுத்தது. கழிவுபோல் விலையிடப்பட்ட ஒன்றைக் கழிவுபோலவே தொழிலாளரும் கருதினர். அறுவடைக்குப் பின் வயலில் சிந்திய கதிரைப் பொறுக்குவது ஏழைக்கு உரியது என்னும் ஊர் வழக்கத்தைத் தமிழகத்திலிருந்து உடன் கொண்டுவந்தவர்களுக்கு, நிலத்தில் சிந்திய பாலைப் பொறுக்குவது அயலானதாகத் தோன்றியிருக்காது என்று நாம் கருதுகிறோம்.

சாக்கு லயத்தோடு நின்றுவிடவில்லை. வாங்குவோர் இன்றிக் களவு நிலைக்காது. இரப்பர் வணிகர் உரிமம் பெற வேண்டும், வாங்கியதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றெல்லாம் காலனித்துவ அரசு சட்டம் செய்தது இதனை அறிந்தேயாகும். ஆயினும் தோட்டங்களை ஒட்டிச் சிற்றுடைமையாளரின் இரப்பர் நிலங்கள் இருந்தன. தோட்டத்து ஒட்டுப்பாலுக்கும் சிறு தோட்டத்து ஒட்டுப்பாலுக்கும் வேறுபாடு கண்டறிதல் அரிது. கடைக்காரர் இதை நன்கறிந்தவர். கொண்டு வந்தவர் பேரம் பேச முடியாதவர் என்பதையும் அறிந்தவர். எனவே சந்தை விலையில் ஒரு பகுதியே சாக்குக்கு உரியவர் கைக்குக் கிடைத்தது. களவின் ஆதாயம் எங்குச் சேர்ந்தது என்று கேட்டால், லயத்தில் சேரவில்லை என்பதே விடை.

நீரும் எண்ணும்

இரண்டாவது வழி பாலில் நீர் கலத்தல். தொழிலாளி கொண்டு வரும் பாலின் அளவைக் கொண்டே கூலியோ மிகைக் கூலியோ கணக்கிடப்பட்ட இடங்களில், ஓடை நீர் ஒரு குவளை வாளியின் அளவை உயர்த்தும். இதைக் கண்டறியவே மெட்ரோலக் என்னும் மிதவைக் கருவி பால் கொட்டகைக்கு வந்தது. இரப்பர்த் துகள் நீரைவிட எடை குறைந்தது. ஆதலால் பால் கெட்டியாக இருந்தால் கருவி ஆழ அமிழும். நீர் மிகுந்தால் மேலே மிதக்கும். பாலில் உள்ள உலர் இரப்பரின் விழுக்காடு இதனால் தெரியவரும். பொதுவாக அது 30 முதல் 40 வரை இருக்கும்.

கருவி வந்ததும் களவு தீர்ந்தது என்று கொள்ளலாகாது. அது கைமாறியது எனலாம். மெட்ரோலக்கில் அளக்கும்போது பாலுடன் குறிப்பிட்ட பங்கு நீர் சேர்த்து, கிடைக்கும் எண்ணைப் பெருக்கிக் கணக்கிட வேண்டும். நுரை விலக வேண்டும். கண் மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். எண்ணைப் படிப்பவர் கிராணி. படித்ததை எழுதுபவரும் அவரே. எழுத்தறியாத தொழிலாளி எதிரே நின்று தன் எண் எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மழைநாளில் இயற்கையே நீர் கலக்கும். அதனை ஓடை நீரிலிருந்து பிரித்தறியும் ஆற்றல் எக்கருவிக்கும் இல்லை. மழையில் நனைந்தவரும் குறைந்த எண்ணையே பெற்றார்.

இங்கு நம் இளமைக்கால நினைவு ஒன்றைச் சொல்லலாம். கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாம் வளர்ந்த நாளில், கொட்டகையில் அளந்து எழுதிய மொத்தக் கணக்கும் ஆலையில் உலர்ந்து வந்த இரப்பரின் எடையும் ஒத்துப்போக வேண்டுமென்பது கிராணியாரின் தீராக் கவலையாக இருந்தது. குறைந்தால் அவர் துரைக்கு விடை சொல்ல வேண்டும். யார் யார் நீர் கலக்கிறார்கள் என்பது அவருக்குத் திட்டமாகத் தெரியாது. சிலர் கலக்கிறார்கள் என்பது தெரியும். ஆகவே அவர் எல்லோருடைய எண்ணையும் ஒன்றிரண்டு குறைத்தே எழுதி வந்தார். இது அவரைப் பொறுத்தவரை களவன்று, முன்னெச்சரிக்கை. நீர் கலவாதவர் நாள்தோறும் சிறிது இழந்தார். அவர்களுள் சிலர் ஒரு கட்டத்தில், எப்படியும் குறைக்கத்தான் போகிறார் என்று எண்ணிக் கலக்கத் தொடங்கினர். கிராணியார் மேலும் ஓர் எண்ணைக் குறைத்தார். யார் முதலில் தொடங்கினார் என்பதை இன்று எவராலும் சொல்ல இயலாது. அவரவர்க்கு மற்றவரே முதல்வர்.

கங்காணி, கிராணி

கங்காணி முறையில் ஊதியத்தின் அமைப்பே புரட்டுக்கு இடமளித்தது. தாம் அழைத்து வந்த ஆட்களுள் வேலைக்கு வந்தோரின் எண்ணிக்கைக்கு ஏற்ப நாள்தோறும் தலைக்காசு பெற்றவர் கங்காணி. ஆள் வந்ததாகப் பெயர் பதிவானால் அவருக்கு வருவாய். நோயாளியைப் பிரட்டுக்கு எழுப்பிவிட்டாலும் வருவாய். செக்ரோலில் வராதவர் வந்ததாக எழுதப்பட்டாலும் வருவாய். ஊரிலிருந்து புறப்படும்போதே ஏற்பட்ட கடன், கடைப்பற்று, கொடுக்கல் வாங்கல் ஆகியன அவரிடம் இருந்தமையால், சம்பள நாளில் தொழிலாளி கையில் வாங்கிய காசு அதே பொழுதில் வேறொரு கைக்குப் போனது. தம் மக்களைத் தாமே கரையேற்றியவர், நோய்நொடியில் பார்த்துக்கொள்பவர், கோயில் திருவிழாவை முன்னின்று நடத்துபவர் என்னும் பெருமையே கங்காணியின் நியாயம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. பாதுகாப்பும் பறிப்பும் ஒரே கையால் செய்யப்பட்டதே அம்முறையின் சிக்கல்.

கிராணியின் நிலை வேறு. ஆங்கிலம் அறிந்த யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் பெரும்பாலும் இப்பணிகளில் இருந்தனர். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே மொழி அவர்கள் வழியாகவே சென்றது. நல்ல நிரை, வீட்டுப் பழுதுபார்ப்பு, விடுப்பு, பேரேட்டில் முழு நாள் ஆகியவை கிராணியின் பேனா முனையில் இருந்தன. கோழியும் முட்டையும் காய்கறியும் கிராணி வீட்டுப் பின்வாசலுக்குப் போவது மரியாதை என்றே சொல்லப்பட்டது. மரியாதை செலுத்தாதவரின் நிரை மேட்டுக்காட்டில் அமைந்துவிடும்போதுதான் அச்சொல்லின் முழுப்பொருள் விளங்கும். துரையின் பங்களாவுக்கும் தம் ஊதியத்துக்கும் இருந்த தொலைவு கிராணியின் நியாயமாயிற்று. எத்தனை ஆண்டு உழைத்தாலும் துரையின் நாற்காலி தமக்குக் கிட்டாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் இக்கசப்பு வெளிப்பட்டதைக் காணலாம். ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் எழுந்த அப்போராட்டத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வு மட்டும் இடம்பெறவில்லை. கொடுமை செய்யும் இடைநிலை அலுவலரை நீக்கித் தமிழறிந்தவரை அமர்த்துதல், பெண்களிடம் தவறாக நடத்தலைத் தடுத்தல், கள்ளுக்கடைகளை மூடுதல், துரையும் அலுவலரும் எதிரே வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை ஆகியனவும் இருந்தன. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார்; படையினரின் துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அக்கோரிக்கைகளில் பல, பணத்தைப் பற்றியன அல்ல என்பது நோக்கத்தக்கது. பேரேட்டை வைத்திருந்தவரின் முன் தலைகுனிந்து நின்ற நாள்களின் கணக்கு அது.

துரைமார் செய்ததற்குப் பெயரென்ன?

தொழிலிடக் களவு என்றவுடன் கீழ்நோக்கியே பார்ப்பது நம் பழக்கம். தோட்ட உடைமையாளர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் களவாடிய பொருள் ஒன்று உண்டு; அது தொழிலாளரே. ஒரு தோட்டம் பயணச் செலவு செய்து அழைத்து வந்த ஆட்களை, அண்டைத் தோட்டம் கங்காணிக்குக் காசு கொடுத்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆள் இழுக்கும் இவ்வழக்கம் எல்லை மீறிப் போனதும், இந்தியத் தொழிலாளரைப் பணிக்கு வைத்த எல்லா முதலாளிகளிடமும் வரி தண்டி, அதிலிருந்து பயணச் செலவைப் பொதுவாக ஏற்கும் தமிழர் குடிநுழைவு நிதி 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்டது. கனவான்கள் தமக்குள் செய்துகொண்ட களவைத் தண்டனைச் சட்டத்தால் தீர்க்கவில்லை. ஒரு நிதியை நிறுவித் தீர்த்தனர். ஒட்டுப்பால் எடுத்தவருக்கு அத்தகைய நிதி எதுவும் தோன்றவில்லை.

1922ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கி 1928ஆம் ஆண்டு வரை நீடித்த ஸ்டீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1934ஆம் ஆண்டுப் பன்னாட்டு ஒப்பந்தமும் இன்னொரு வகைக் கணக்கைக் காட்டுகின்றன. ஒவ்வோர் உடைமைக்கும் இவ்வளவு விளைச்சல் என மதிப்பிட்டு, அதில் ஒரு பங்கையே ஏற்றுமதி செய்ய விட்டனர். மதிப்பீட்டு எண் உயர்ந்தால் வருவாய் உயரும். சிற்றுடைமையாளரின் விளைச்சல் திட்டமிட்டே குறைத்து மதிப்பிடப்பட்டது என்பதைப் பொருளியலறிஞர் பி. டி. பௌவர் 1940களில் விரிவாக எடுத்துக்காட்டினார். காகிதத்தில் எழுதப்பட்ட ஓர் எண்ணால் ஒருவருடைய விளைச்சல் இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்தது. மெட்ரோலக் எண்ணைக் கிராணி எழுதியதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு உண்டா என்பது ஆராயத்தக்கது.

இதே காலத்தில் கூலி என்ன ஆயிற்று? 1920களின் இறுதியில் குறிப்பிட்ட வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிலைநிறுத்தப்பட்ட கூலி, மந்தநிலையில் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1932ஆம் ஆண்டளவில் 28 காசுக்கும் 24 காசுக்கும் இறங்கியது. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சீனிவாச சாஸ்திரி 1936ஆம் ஆண்டு இறுதியில் வந்து ஆராய்ந்து அளித்த அறிக்கை பழைய கூலியை மீட்கப் பரிந்துரைத்தது. 1938ஆம் ஆண்டு மீண்டும் கூலி குறைக்கப்பட்டபோது இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதையே நிறுத்தியது. கூலிக் குறைப்பு சட்டப்படியானது. எவரும் அதைக் களவு என்று எழுதவில்லை. ஆனால் 50 காசு உழைப்பை 28 காசுக்குக் கொடுத்தவர், மீதி 22 காசைப் பற்றி என்ன எண்ணியிருப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று.

நியாயங்களின் இலக்கணம்

அமெரிக்கச் சமூகவியலாளர்களான சைக்ஸும் மாட்சாவும் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில், விதி மீறுவோர் தம் மனச்சான்றை அமைதிப்படுத்தும் ஐந்து வழிகளை வகுத்துக் காட்டினர். பொறுப்பு தமதன்று எனல், கேடு விளையவில்லை எனல், இழந்தவர் அதற்குத் தக்கவரே எனல், குற்றம் சாட்டுபவரையே குற்றம் சாட்டல், தம்மவர்பாலுள்ள கடமையைக் காட்டல் என அவற்றைச் சுருக்கலாம். இளங்குற்றவாளிகளைப் பற்றி எழுதப்பட்டதாயினும் இது தோட்டத்துக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. கங்காணி சொல்லச் செய்தேன் என்பது முதல் வகை. கடலளவு பாலில் ஒரு குவளை என்பது இரண்டாம் வகை. கிராணி திருடாததா என்பது நான்காம் வகை. பிள்ளையின் பள்ளிச் சட்டைக்காக என்பது ஐந்தாம் வகை. நாம் மிகுதியாகக் கேட்டு வளர்ந்தது இதையே.

ஆனால் இவ்வகைப்பாடு எல்லாவற்றையும் தன்னை ஏய்த்துக்கொள்ளும் உத்தியாகவே கொள்கிறது. ஜேம்ஸ் ஸ்காட் வேறு விதமாக நோக்கினார். கெடா மாநிலத்து நெல்வயல் சிற்றூர் ஒன்றில் 1978 முதல் 1980 வரை தங்கி ஆராய்ந்து, 1985ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், செல்வர் வீட்டு நெல்மூட்டை காணாமற்போவதை ஏழை மலாய்க்காரர் சிலர் ‘சகாத் பெரிபாடி’ என்று குறிப்பிட்டதை அவர் பதிவு செய்தார். கொடுக்கப்பட வேண்டிய சகாத் கொடுக்கப்படாததால் தாமே எடுத்துக்கொண்ட சகாத் என்பது அதன் பொருள். அங்குக் களவுக்குச் சமயக் கடமை ஒன்று நியாயமாக நின்றது. செல்வரும் ஏழையும் ஒரே பள்ளிவாசலில் தொழுதவர்கள் என்பதால் அந்நியாயம் இருவருக்கும் புரிந்தது.

தோட்டத்தில் அவ்வாறு பொதுவான நியாயமொழி இருக்கவில்லை. இலண்டனில் இருந்த பங்குதாரருக்கும் பத்தாங் பெர்ஜுந்தையில் பால் வெட்டியவருக்கும் பொதுவான கோயில் இல்லை. அதனால் தோட்டத்து நியாயம் அறத்திலிருந்து பிறக்காமல் கணக்கிலிருந்து பிறந்தது. குறைத்து நிறுத்ததற்கு ஈடு என்பதே அதன் மையம். ஈடு என்பது வரம்புள்ள சொல். இழந்த அளவுக்கே அது செல்லும். இழந்த அளவை யார் நிறுப்பது என்பது மட்டும் தெளிவாகவில்லை.

வரம்பு இருந்தது என்பதற்கு மற்றொரு சான்று உண்டு. நாம் முன்னர்க் குறிப்பிட்ட அதே தோட்டத்தில், கைம்பெண் ஒருவரின் நிரையில் மங்குகளில் உறைந்திருந்த ஒட்டுப்பாலை அடுத்த நிரைக்காரர் ஒருவர் அதிகாலையிலேயே உரித்தெடுத்துவிட்டார். அன்று மாலை மாரியம்மன் கோயில் முன் பஞ்சாயத்துக் கூடியது. அவர் பலர் முன்னிலையில் தேங்காய் உடைத்து அப்பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அங்கு அனைவரும் பயன்படுத்திய சொல் திருட்டு. தீர்ப்புக் கூறிய மூவரின் வீட்டிலும் சாக்கு இருந்ததைப் பிள்ளைகளாகிய நாங்கள் அறிவோம். ஒரே பொருள், ஒரே மரம், ஒரே தோட்டம். துரையிடமிருந்து போனால் எடுத்தது, கூட்டாளியிடமிருந்து போனால் திருடியது. அன்று இது எங்களுக்கு விந்தையாகத் தோன்றவில்லை. இன்றும் முழுவதும் தவறென்று சொல்ல நா எழவில்லை.

ஆயினும் ஓர் ஐயத்தை இங்கே பதிவு செய்ய வேண்டும். துரையிடமிருந்து மட்டுமே எடுத்தோம் என்னும் நம்பிக்கையை, முன்னர்க் கண்ட மெட்ரோலக் கணக்கு ஐயத்துக்குள்ளாக்குகிறது. நீர் கலந்தவரின் ஆதாயம் நிறுவனத்திலிருந்து வந்ததா, கிராணி எல்லோருக்கும் குறைத்த எண்ணிலிருந்து வந்ததா? பின்னதே என்றால், தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்க வேண்டியவர் பலர். அன்றாடக் களவை ஏழையரின் எதிர்ப்பாக மட்டும் படிக்கும் ஆய்வுகள், தோட்டத்தைப் பொறுத்தவரை, இக்கணக்கைப் பார்க்கத் தவறிவிடுகின்றன. நிறுவனம் இழந்ததைக் கிராணி வழியாக மீட்டுக்கொண்டது. தனியே நின்று நேர்மையாக இருந்தவருக்கே மீட்கும் வழி இல்லை.

பின்னைய மாற்றங்கள்

1950களில் தோட்டத் துண்டாடல் பரவியபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளரின் பங்குப் பணத்தைக் கொண்டு கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பால் வெட்டுபவரே பங்குதாரர் ஆனபின் ஒட்டுப்பாலை எடுப்பது யாரிடமிருந்து எடுப்பது என்னும் வினா எழுகிறது. இதனைக் கூட்டுறவுத் தோட்டங்களில் வாழ்ந்தோரிடம் கேட்டறிந்து எழுத இளம் ஆய்வாளர் எவரேனும் முன்வர வேண்டும்.

வட சிலாங்கூரில் இரப்பர் மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு வழிவிட்டன. ஒட்டுப்பாலின் இடத்தை உதிரிப்பழம் பிடித்தது. குலை வெட்டும்போது சிதறி விழும் பழம் அதே இயல்பு உடையது: எண்ணப்படாதது, பொறுக்க வேண்டியது, சாக்கில் அடங்குவது. பொறுக்குபவர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். கங்காணியின் இடத்தை முகவர் பிடித்தார். வேலைக்கு வருமுன்னரே கட்டணம் என்று முகவர்கள் தண்டிய பணம் தொழிலாளியைக் கடனாளியாக்கியே கப்பலேற்றுகிறது. இன்று வானூர்தி என்பதே வேறுபாடு. நாட்டின் மிகப் பெரிய தோட்ட நிறுவனமான சைம் டார்பி பிளாண்டேஷனின் செம்பனை எண்ணெய்க்கு, கட்டாய உழைப்பு ஐயப்பாட்டின் பேரில் அமெரிக்கச் சுங்கத்துறை 2020ஆம் ஆண்டு டிசம்பரில் தடை விதித்தது. அந்நிறுவனம் பின்னர், வெளிநாட்டுத் தொழிலாளர் செலுத்தியிருந்த ஆள்சேர்ப்புக் கட்டணங்களைத் திருப்பித் தர ஏறத்தாழ 82 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கியது; 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் தடை நீங்கியது. நூறாண்டுக்கு முன் நம் பாட்டன்மார் செலுத்திய கடைப்பற்றும் கங்காணிக் கடனும் எவர் ஏட்டிலும் திருப்பி எழுதப்படவில்லை.

சான்றுகளைப் பற்றி

இத்துறையில் ஆய்வு செய்ய விரும்புவோர்க்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று. தோட்ட ஆவணங்களில் களவு துரையின் இழப்பாகவே பதிவாகியிருக்கும். தொழிலாளியின் இழப்புக்கு ஆவணம் இல்லை. அது அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளது. பால்மரக் காலத்தை நேரில் கண்டவர்கள் எண்பதைக் கடந்துவிட்டனர். அவர்களை அணுகும் மாணவர்கள் வினாவை அமைப்பதில் கவனம் கொள்ள வேண்டும். தோட்டத்தில் திருட்டு நடந்ததா என்று கேட்டால், அக்காலத்தில் அதெல்லாம் கிடையாது, எல்லோரும் மானத்தோடு வாழ்ந்தோம் என்ற விடையே கிடைக்கும், அவ்விடையும் பொய்யன்று. காட்டிலிருந்து வீட்டுக்கு என்னென்ன கொண்டு வருவீர்கள் என்று கேட்க வேண்டும். நம் பெரியம்மாவிடம் நாம் அவ்வாறு கேட்டபோது, விறகு, கீரை, காளான் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், சற்று நிறுத்தி, ஒட்டுப்பால் கொஞ்சம் என்றார். பிறகு, அது நம்முடையதுதானே ஐயா என்று நம்மைத் திருப்பிக் கேட்டார்.